கரிக்குக் கீழே இருந்த இலக்கம்

ஊரில், மயிலிட்டிக் கரையில், வள்ளத்து மெசினைப் பற்றிப் பேச்சு வந்தால் "எத்தனை எச்.பி.?" என்றுதான் கேட்போம். சிலிண்டருக்குள் எவ்வளவு கனவளவு இருக்கிறதென்று எவரும் கேட்டதில்லை. 1990 ஆனியில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, கடைசியில் கனடாவுக்கு வந்த பிறகே அந்தக் கேள்வி எங்களைத் தேடி வந்தது. வந்தபோது, இருந்த வேலையும் போய்விடும் போலிருந்தது.

நாங்கள் மச்சான்மார் இருவர். 1992இல் ஒன்ராறியோ ஏரிக்கரையோரம் ஒரு படகு எஞ்சின் பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு குளிர்காலம் கழிய, எஞ்சின் கழற்றிப் பூட்டவும் விட்டார்கள். அங்கே வந்தவை பெரும்பாலும் வேகப் படகுகளின் ஷெவ்ரோலே வி-8 எஞ்சின்கள். அவற்றில் அதிகம் கண்டது 454 கன அங்குலம், அதாவது 7.4 லீற்றர்.

1994 வசந்தத்தில் ஒரு படகு வந்தது. ஒரு பிஸ்ரன் ஓட்டையாகியிருந்தது. "454தான், ஒருமுறை புதுப்பித்தது, வேறொன்றும் செய்யவில்லை" என்றார் சொந்தக்காரர். முதலாளி அன்று இல்லை. நாங்கள் புளொக்கின் பின்பக்கத்து வார்ப்பு இலக்கத்தைப் பார்த்தோம். புத்தகமும் 454 என்றது. எடை ஒத்துவரவேண்டுமே என்று எட்டுப் பிஸ்ரன்களுக்கும் ஓடர் கொடுத்துவிட்டோம்.

வந்த பிஸ்ரனைச் சிலிண்டருக்குள் இறக்கினால் கடகடவென்று ஆடியது! கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார். ஊரிலிருந்த பெற்றோரைக் கொழும்புக்கு எடுப்பிக்கக் காசு அனுப்பவேண்டிய மாதம் அது. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் முதலாளி வந்தார். ஏசுவார் என்று நின்றோம். அவர் பழைய பிஸ்ரன் ஒன்றை எடுத்து, தலையில் படிந்திருந்த கரியைச் சீலையால் துடைத்தார். கீழே 060 என்று குத்தியிருந்தது. சிலிண்டர் 0.060 அங்குலம், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர், பெருப்பிக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். "வார்ப்பு இலக்கம் எஞ்சின் எங்கே பிறந்தது என்று சொல்லும். பிறகு அதற்கு என்ன நடந்தது என்று சொல்லாது" என்றார்.

பிறகு மைக்றோமீற்றரைக் கையில் தந்தார். ஏ.எல். பௌதிகத்தில் நாங்கள் படித்த அதே நுண்மானித் திருகுக்கணிச்சிதான்! அளந்தோம். சிலிண்டர் விட்டம் 4.310 அங்குலம். பிஸ்ரனை உச்சியிலும் அடியிலும் நிறுத்தி ஆழம் பார்த்ததில் அதன் ஓட்டம் 4.25 அங்குலம். தொழிற்சாலை 454க்கு இவை 4.25, 4.00 ஆக இருக்கவேண்டும். யாரோ கிராங்கையே மாற்றியிருக்கிறார்கள்.

கணக்கு இலகுவானது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஓட்டத்தால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையாலும் 0.7854ஆலும் பெருக்கவேண்டும். விடை 496 கன அங்குலம், 8.1 லீற்றர். எங்கள் பிஸ்ரன்கள் விட்டத்தில் பொருந்தியிருந்தாலும், அதே இணைப்புத் தண்டுகளோடு உச்சியில் 0.125 அங்குலம் வெளியே நீட்டி, மூடியில் மோதியிருக்கும். ஆடியது நல்லதாய்ப் போயிற்று.

வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லையா என்று கேட்டோம். கொஞ்சம் உண்டு என்றார். தொழிற்சாலையில் செய்த 396, 427 எஞ்சின்களின் முன்பக்கத்துச் சமநிலைச் சக்கரம் எங்கும் ஒரே சீராக இருக்கும். 454இல் ஒரு பக்கம் எடை கூட்டியிருக்கும். ஆனால் புதுப்பித்தவர் அதையும் மாற்றியிருக்கலாம். பிளக் துவாரத்தால் கம்பி விட்டு ஓட்டத்தை அளப்பவர்களும் உண்டு. இந்த எஞ்சினில் துவாரம் சரிவாக இருப்பதால் அந்த அளவு ஏமாற்றும். மூடியைக் கழற்றி அளப்பதே நிச்சயம்.

கனவளவு தெரியாவிட்டால் பிஸ்ரன் மட்டுமல்ல, காபரேற்றரும் படகின் விசிறியும்கூடப் பிழைக்கும். போட்டிப் படகென்றால் எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதும் பிழைக்கும்.

முதலாளி எங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டவில்லை. அந்த எட்டுப் பிஸ்ரன்களும் அடுத்த ஆண்டு வேறொரு எஞ்சினுக்கு உதவின. பெற்றோரும் கொழும்பு வந்து சேர்ந்தார்கள்.

புதிதாய் வந்து பட்டறைகளில் கால்வைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். "புதுப்பித்தது" என்று எவர் சொன்னாலும் யார், எப்போது, எந்த அளவுக்கு என்று கேளுங்கள். துண்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரியைத் துடைத்துப் பார்த்து, நீங்களே அளந்து, கொப்பியில் எழுதி வையுங்கள். தெரியாததைக் கேட்பதில் வெட்கமில்லை. அன்று ஒரு நாள் பொறுத்துக் கேட்டிருந்தால், அந்த ஓர் இரவுச் சோறு எங்களுக்கு இறங்கியிருக்கும்.