அந்த 120 யாருட?



தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக, கட்டுகஸ்தோட்டையில் பின்நேர வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்குச் சராசரி படிப்பித்தோம். மாதிரிப் பரீட்சையில் இரண்டு வினாத்தாளுக்கும் சேர்த்து 200க்கு அவர்கள் எடுத்த புள்ளிகளையே, பெயர் போடாமல், பலகையில் எழுதினோம்: 180, 170, 160, 50, 40. கூட்டினால் 600. ஐந்தால் வகுத்தால் 120.

"நல்ல சராசரி" என்றோம். 40 எடுத்த பிள்ளை கேட்டது: "சேர், அந்த 120 யாருட?"

ஒருவருடையதும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்ல வைத்திருந்த எண், இரண்டு பிள்ளைகளை மறைத்திருந்தது. மகாவலியின் சராசரி ஆழத்தை நம்பி நாம் பிள்ளையை ஆற்றில் இறக்கமாட்டோமே!

இப்போது அஸருக்குப் பிறகு அந்த இருவருடனும் அரை மணித்தியாலம் கூடுதலாக இருக்கிறோம். பெற்றோரே, வகுப்புச் சராசரியைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எந்தக் கணக்கு விளங்கவில்லை என்று கேளுங்கள்.