பள்ளிக்குப் போன உரக்காசு

பவானி பக்கம் ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் போடும் குடும்பம் அது. வாய்க்கால் தண்ணீர் உண்டு. இரண்டு கறவை மாடுகள் உண்டு. ஊரில் யாரும் அவர்களை ஏழை என்று சொல்லமாட்டார்கள். மகளும் மகனும் வேனில் தனியார் பள்ளிக்குப் போனதும் அதற்கு ஒரு காரணம்.

மஞ்சளுக்கு வைகாசி, ஆனியில் நடவு. தை, மாசியில் வெட்டு. விதைமஞ்சள், உழவு, அடியுரம், கூலி என்று வயல் பணம் கேட்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளியும் கேட்கும். கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து இரண்டு பிள்ளைகளுக்கும் 1,10,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து வாங்கிய பயிர்க்கடனில் பாதி பள்ளிக்குப் போனது.

விளைவு வயலில் தெரிந்தது. மஞ்சளுக்கு நட்ட 30ஆம் நாள் தொடங்கி, மாதம் ஒருமுறை வீதம் ஐந்து முறை தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மேலுரமாகத் தர வேண்டும். அவர் மூன்றோடு நிறுத்தினார். விரலி மெலிந்தது. அடுத்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருந்தும், விலை ஏறும்வரை மூட்டைகளை இருப்பு வைக்க முடியவில்லை. கட்டணத் தேதி நெருங்கியதால் ஈரோடு சந்தையில் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். பள்ளி வாங்கியது கட்டணம் மட்டுமல்ல, அவருடைய பேரம் பேசும் தெம்பையும்தான்.

நோட்டில் கணக்கு எழுதி வந்த மனைவிதான் முதலில் வாய் திறந்தார். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மைக்கும் 2021இல் வந்தது. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளையை ஒரு வருடம் தள்ளி, ஏழாம் வகுப்பில் மாற்றினால் இவை கிடைக்காது.

“சொந்தக்காரங்க கடனான்னு கேப்பாங்க,” என்றார் அவர்.

“கடன்தானுங்களே,” என்றார் மனைவி.

மகள் கேட்டாள்: “தம்பி மட்டும் வேன்ல போவானுங்களாப்பா?”

அவருக்குப் பதில் வரவில்லை. மனைவி சொன்னார்: “அவனும் ஆறாவதுக்கு அங்கதான் கண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான்.”

அதுவரை மகனின் கட்டணத்துக்குப் பால் பணத்திலிருந்து மாதாமாதம் அஞ்சலகத் தொடர்வைப்பில் போடுகிறார்கள். பயிர்க்கடனைத் தொடுவதில்லை. மகள் சைக்கிளில் போகிறாள். இந்த முறை மஞ்சளுக்கு ஐந்தாவது மேலுரமும் விழுந்துவிட்டது.