பேராதனையில் ஒரு படகுப் பூ

பேராதனைப் பூந்தோட்டத்தின் வாயிலை நாம் அடைந்தபொழுது காலை ஒன்பது மணியிருக்கும். கண்டி நகரிலிருந்து நான்கு மைலுக்குக் குறைந்த தூரமே; பேருந்தில் ஏறி, பதினெட்டு மாணவருக்கும் சீட்டு வாங்கி, மீதிக் காசை எண்ணி முடிப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. 1952-ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து பெயர்ந்து வந்த பல்கலைக்கழகம் அயலிலேயே மலைச்சரிவில் பரந்து கிடக்கின்றது. எம்முடன் வந்த உயர்தர வகுப்பு மாணவரிற் பலருக்கு அதன்மீதே கண். யாழ்ப்பாணத்திலிருந்து இரவெல்லாம் பயணஞ்செய்து வந்த களைப்பு ஒருவர் முகத்திலேனும் இல்லை. அந்தப் பேறு எமக்கு இல்லாமற்போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன.

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, நடுவே 147 ஏக்கர் நிலத்தில் அமைந்தது இத்தோட்டம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 அடி உயரம். இரட்டைத் தேங்காயைப் பார்க்கவேண்டும் என்றான் ஒருவன்; விண்வெளி வீரர் யூரி ககாரின் 1961-இல் நட்ட மரம் எங்கே என்றான் இன்னொருவன்; நெடிதுயர்ந்த பனைவகை மரங்கள் இருமருங்கும் நிற்கும் சாலையில் நின்று படமெடுக்கவேண்டும் என்பது மாணவியர் கட்சி. எல்லாவற்றுக்கும் நேரமுண்டு, முதலில் ஓர்க்கிட் மனைக்குப் போவோம் என்று நாம் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. ஆசிரியராய் இருப்பதில் உள்ள மிகச்சில வசதிகளுள், முணுமுணுப்பைக் கேளாததுபோல் முன்னே நடந்துவிடலாம் என்பதும் ஒன்று.

ஓர்க்கிட் மனையில் எமக்கு ஒரு பழங்கடன் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர், மலைநாட்டுப் பாதையோரத்திலே, சாக்கொன்றின்மேல் பரப்பி வைத்திருந்த காட்டு ஓர்க்கிட் செடிகளுள் ஒன்றை விலை கொடுத்து வாங்கினோம். தடித்த நீண்ட இலைகள். கீழ்நோக்கித் தொங்கிய ஒரு பூங்கொத்து. மரக்கிளையினின்று பிடுங்கியபோது அறுந்த வேர்கள் வெள்ளை நூல்போல் நீட்டிக்கொண்டிருந்தன. வீட்டிற்குக் கொண்டுபோய், மண் நிறைத்த சட்டியில் ஊன்றி, காலையும் மாலையும் கிணற்று நீர் ஊற்றினோம். பங்குனி வெயில் தொடங்குமுன்னரே அது அழுகிவிட்டது. அதன் பெயரைக்கூட நாம் அறிந்திருக்கவில்லை.

மனைக்குள் நுழைந்ததும் முணுமுணுப்பு நின்றது. வெளியே கண்கூசும் ஒளி; உள்ளே பச்சை நிழலும் ஈரக்காற்றும். ஊதாவும் வெள்ளையுமாய் டென்ட்ரோபியங்கள், நீலமும் செம்மையும் கலந்த வண்டாக்கள், கையகலத்தில் மலர்ந்த கட்லேயாக்கள். பூக்கும் செடிகளை முன்னே நிறுத்தி, பூவற்றவற்றைப் பின்னே ஒதுக்கி, பாசியும் பன்னமும் இடையிட்டு அடுக்கியிருந்தார்கள். பூக்காட்சிகளில் மேடை அமைப்போர் கையாளும் முறையும் இதுவே. பார்ப்பவர் கண் சட்டியிலே படாமல் பூவிலே படவேண்டும். பூக்காம்பிற்குக் கட்டிய கோல் தெரியக்கூடாது. ஒரு பூ மற்றொன்றை மறைக்கக்கூடாது. எளிதாகத் தோன்றும் இவ்வடுக்கின் பின்னே எத்துணை உழைப்பு இருக்கின்றதென்பதைத் திருவிழாவிற்குச் சாத்துப்படி செய்வோரை அருகிலிருந்து பார்த்தவர் அறிவர்.

“சேர், இவையெல்லாம் புல்லுருவிதானே?” என்று கேட்டாள் ஒரு மாணவி. நம்மவர் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். புல்லுருவி தான் பற்றிய மரத்தின் உள்ளே வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுவது, ஒட்டுண்ணி. மரத்தில் வாழும் ஓர்க்கிட்டோ மேலொட்டி. மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம் மாத்திரமே. அதன் வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்ணிற உறையொன்று உண்டு. மழைநீரையும் பனியையும் அவ்வுறை சட்டென உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் காற்றில் உலரும். நனைந்தும் உலர்ந்தும் வாழப் பழகிய அவ்வேரை மண்ணுக்குள் புதைத்து நாள்தோறும் இருமுறை நீரூற்றினால் மூச்சுமுட்டி அழுகாமல் என் செய்யும்? இதனைச் சொல்லும்பொழுதே எமது பழைய சட்டி மனக்கண்ணில் வந்து நின்றது.

ஒரு பக்கத்திலே சிம்பிடியங்கள் சில இருந்தன. நீண்ட வாள்போன்ற இலைகளுக்கிடையே நிமிர்ந்தெழுந்த காம்பு. அதில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெரும்பூக்கள், மெழுகிற் செய்தனபோல. மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்கள். நடுவே செம்புள்ளி தெளித்த உதடு. அவ்வுதட்டின் குழிந்த வடிவம் படகுபோல் இருத்தலின், படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு 1799-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஒலோஃப் சுவார்ட்ஸ் இக்குலத்திற்குச் சிம்பிடியம் என்று பெயரிட்டார். பூசைக்கு நாம் பறிக்கும் பூ மாலைக்குள் வாடிவிடும். இதன் பூவோ செடியிலே ஆறு முதல் பத்து வாரம் வரை நிற்கும். காட்சிகளில் இதற்கு முதன்மை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாணவர் படமெடுக்கத் தொடங்கினர். நீர் தெளித்துக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் ஒருவர், நரைத்த மீசையர், மலைநாட்டுத் தமிழர், எம்மருகே வந்து நின்றார்.

“இது மலைக்காரப் புள்ளைங்கய்யா” என்றார். “இராத்திரி நல்லா குளிர் பட்டாத்தான் பூக்காம்பு விடும். ஹக்கல, நுவரெலியாப் பக்கம் வச்சா அது சொந்த வீடு. இங்க வந்தா விருந்தாளி.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. காட்சிக்குரிய பெரும்பூச் சிம்பிடியங்கள் இமயத்தின் சாரல்களிலும் பர்மிய மலைகளிலும் வாழும் இனங்களைக் கலந்து உண்டாக்கப்பெற்றவை. அத்தகைய முதற் கலப்பு 1889-இல் இங்கிலாந்தின் வீச் நிறுவனத்தாரிடம் பூத்தது. முன்னோரின் மலைக்குளிரை வழித்தோன்றல்கள் மறக்கவில்லை. இரவிலே வெப்பம் 12 பாகை செல்சியஸ் அளவிற்குச் சில வாரங்கள் தாழ்ந்தாலன்றிப் பூவரும்பு கட்டுவதில்லை. கடல்மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் அக்குளிர் உண்டு. பேராதனையில் இல்லை. யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

“எங்கள் ஊர் வெயிலைத் தாங்கும் சிம்பிடியம் ஒன்றும் இல்லையா, பெரியவரே?” என்று கேட்டோம்.

அவர் சிரித்துக்கொண்டு, எம்மைத் தூணருகே அழைத்துச்சென்று, மேலே தொங்கிய மரத்துண்டொன்றைக் காட்டினார். எமக்கு நெஞ்சு ஒருகணம் நின்றது. அதே தடித்த இலைகள்; அதே தொங்கும் பூங்கொத்து. ஒவ்வொரு பூவும் ஒன்றரை அங்குல அளவே இருக்கும். வெளிறிய மஞ்சள் இதழ். ஒவ்வோர் இதழின் நடுவிலும் கருஞ்சிவப்புக் கோடு. படகுபோன்ற உதட்டிலும் அதே நிறப் புள்ளிகள். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கொன்ற செடியின் பெயரை அன்றுதான் அறிந்தோம்: சிம்பிடியம் பைகலர், இருநிறச் சிம்பிடியம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தாழ்நிலத்து மரங்களில் இயல்பாக வளர்வது, வெயிலுக்கு அஞ்சாதது. எங்கள் அறியாமைக்கு அஞ்சியிருக்கவேண்டும்.

இச்சிறு பூவுக்கும் இத்தோட்டத்திற்கும் பழைய உறவுண்டு. பேராதனையில் 1821-இல் அலெக்சாண்டர் மூன் என்பார் தோட்டத்தை நிறுவி, 1824-இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை வெளியிட்டு, அடுத்த ஆண்டே மறைந்தார். அவருக்குப்பின் 1827-இல் பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் மக்ரே. இலண்டனில் உயிர்நீத்த ஹவாய்த் தீவு அரசன், அரசி இருவரின் உடல்களையும் தாயகத்திற்குக் கொண்டுசென்ற ‘புளொண்ட்’ என்னும் கப்பலிற் சென்று செடிகள் சேர்த்துவந்தவர் அவர். இலங்கையில் அவருக்குக் கிடைத்த காலம் மூன்றாண்டே, 1830-இல் இறந்தார். ஆயினும் அதற்குள் அவர் உலர்த்தி அனுப்பிய செடிகளுள் ஒன்றைக் கொண்டே 1833-இல் இலண்டனில் ஜோன் லின்ட்லி இவ்வினத்திற்குப் பெயரிட்டு விவரித்தார். பெயரைப் பார்க்க மக்ரே உயிருடன் இல்லை.

தோட்டத்துத் துரைமாரின் பெயர்கள் நூல்களிலே நிலைத்துவிட்டன. அவர்களுக்காகச் செடிகளை வரைந்தவர்களை அறிந்தோர் சிலரே. ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்கள ஓவியர் 1823 முதல் முப்பத்தெட்டு ஆண்டுகள் இங்கிருந்து செடிகளை வரைந்தார். அவருக்குப் பின் அவர் மைந்தரும் வரைந்தனர். ஹென்றி டிரிமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரநூலின் படங்களுக்கு அக்குடும்பத்தாரின் ஓவியங்களே அடிப்படை. ஓர்க்கிட் பூவை ஒருமுறையேனும் வரைய முயன்ற மாணவர் எவரும், அந்த உதட்டின் வளைவை வரைந்த கை எத்தகையது என்பதை உணர்வர். நாமும் முயன்றோம், பலகையில் அது தவளைபோல் வந்தது.

இலங்கையில் ஏறத்தாழ 190 இயற்கை ஓர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றுட் பல வேறெங்கும் இல்லாதவை. வெசாக் காலத்தை ஒட்டி மலர்தலின் சிங்களத்தில் ‘வெசாக் மல்’ எனப்படும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே அவற்றுள் அழகிற்கு முதலாவது. அன்றைய குடியேற்றச் செயலாளரின் மனைவியாரான மக்கார்த்தி சீமாட்டியின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஈரவலயக் காடுகளுக்கே உரிய அப்பூவின் அழகே அதற்குப் பகையாயிற்று. காடு அழிந்தது ஒருபுறம். எஞ்சிய காட்டினுள்ளும் புகுந்து பிடுங்கியது மறுபுறம். இன்று சட்டம் அதனைக் காக்கின்றது. ஆயினும் சாக்கு விரித்த வியாபாரம் அடியோடு நின்றபாடில்லை.

பிடுங்கினால் மறுபடி முளைக்காதா என்று மாணவர் கேட்டனர். இங்கேதான் ஓர்க்கிட்டின் துன்பம் இருக்கின்றது. ஒரு காயிலே பல இலட்சம் விதைகள் இருக்கலாம், திருநீறுபோல் நுண்ணியவை. ஆனால் தேங்காயிலும் நெல்லிலும் உள்ளதுபோல் குழந்தைக்கென்று தாய் கட்டிக்கொடுத்த சோறு ஓர்க்கிட் விதையில் இல்லை. மரப்பட்டையில் வாழும் நுண்ணிய பூஞ்சை ஒன்று ஊட்டினால் முளைக்கும். அது கிடையாதாயின் காற்றோடு போகும். இவ்வுண்மையைப் பிரான்சு தேசத்து இளைஞர் நோயல் பெர்னார் 1899-இல் கண்டார். பூஞ்சை கொடுக்கும் உணவை நாமே சீனியும் உப்புகளுமாகக் கண்ணாடிக் குடுவையிற் கொடுத்தால் என்ன என்று அமெரிக்கராகிய லூயிஸ் நட்சன் ஆராய்ந்து 1922-இல் வெற்றிபெற்றார். 1960-இல் மற்றொரு பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் மொரெல் இன்னும் ஒருபடி மேலே சென்றார். வைரசு நோய் பிடித்த செடியின் குருத்து நுனியிலே நோயற்ற ஓர் அணுத்துணுக்கை எடுத்துக் குடுவையில் வளர்த்தார். அதனைப் பிளக்கப் பிளக்க ஒன்றாயிருந்தது ஆயிரங்களாயிற்று. அவர் எடுத்த செடி வேறொன்றுமன்று, சிம்பிடியமே. முன்பு செல்வர் வீட்டுக் கண்ணாடி மனைகளில் மாத்திரம் இருந்த பூ இன்று நடுத்தரக் குடும்பத்தின் வாசற்படியில் நிற்பது அவ்வாராய்ச்சியின் பயன்.

“அப்படியென்றால் காட்டில் பிடுங்கவேண்டிய தேவையே இல்லையே!” என்றான் இதுவரை வாய்திறவாதிருந்த மாணவன் ஒருவன்.

“இல்லைத் தம்பி” என்றார் பெரியவர். “போத்தல் கன்னு வாங்குங்க. டென்ட்ரோபியம் ஒங்க ஊருக்குத் தாங்கும். மண்ணு வேணாம். கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போடுங்க. பாதி நெழல். காலையில ஒருவாட்டி தண்ணி, அம்புட்டுத்தான்.” பின்பு எமது முகத்தைப் பார்த்து, “காட்டுச் செடிய வாங்கிட்டுப் போயி எத்தனையோ பேரு சாகடிச்சிட்டு வந்து சொல்லுவாங்கய்யா” என்றார். அவர் பொதுவாகச் சொன்னாரோ, எமது முகத்திலே ஏதும் கண்டு சொன்னாரோ அறியோம்.

நண்பகலுக்குப்பின் மற்ற விருப்பங்கள் யாவும் நிறைவேறின. இரட்டைத் தேங்காயும் ககாரின் மரமும் பார்த்தாயிற்று. பெரும்புல்வெளியில் குடைவிரித்த பேராலைச் சுற்றி ஓடியும் ஆயிற்று. மாலையிலே கண்டியில் ஒரு நாற்றுமேடையில், மாணவர் தம்மிடையே காசு சேர்த்து, விரலளவான டென்ட்ரோபியக் கன்றொன்றை வாங்கினர். பாடசாலை ஆய்வுகூடத்துத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதாகத் திட்டம்.

மறுநாள் மலையினின்று இறங்கும் வழியில் தேநீருக்காக வாகனம் நின்றது. கடைக்கு அப்பால் ஒரு சிறுவன் சாக்கு விரித்து அமர்ந்திருந்தான். அதில் நான்கைந்து செடிகள். தடித்த இலைகள், அறுந்த வெண்வேர்கள். ஒன்றில் மாத்திரம் பூங்கொத்து தொங்கிற்று. மாணவர் அனைவரும் எமது முகத்தை நோக்கினர். நாம் வாங்கவில்லை, விலையும் கேட்கவில்லை.

வாகனம் புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றபின்னர், கன்றை மடியில் வைத்திருந்த மாணவி மெல்லக் கேட்டாள்: “சேர், நாங்கள் வாங்காமல் விட்டாலும் அது செத்துத்தானே போகும்?”

கடுகண்ணாவைக் கணவாய் கடந்து வெகுநேரம்வரை அதற்கு நாம் விடை சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. கன்றின்மேல் வெயில் படாதபடி கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.