விழி ஏற்ற வில்லை

1961ஆம் ஆண்டு, கிறித்துமசு விடுமுறைக் காலம். செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகில், ஒரு வீட்டின் மேசைமீது விந்தையான கருவியொன்று சுழன்றுகொண்டிருந்தது. குழந்தைகள் இணைத்து விளையாடும் உலோகத் துண்டுகளால் ஆனது அதன் சட்டகம். மிதிவண்டி விளக்கிற்கு மின்சாரம் தரும் டைனமோ, அங்கே மோட்டாராகப் பணிபுரிந்தது. அழைப்புமணியின் மின்மாற்றி அதனை இயக்கியது. சுழலும் சிறு கண்ணாடி அச்சுகளில் சில துளி நீர்மத்தை விட்டுக் காத்திருந்தார் ஓட்டோ விக்டெர்லே என்னும் வேதியியல் அறிஞர். அன்று அவர் கையில் கிடைத்தவை நான்கே நான்கு தொடுவில்லைகள். காண்டாக்ட் லென்ஸ் என்று மக்கள் வழங்கும் மென்மையான தொடுவில்லைகள் இன்று கோடிக்கணக்கானோரின் விழிகளில் உள்ளன. அவற்றுக்கு வழி திறந்தவை அந்த நான்கே.

ஆய்வகத்தில் நடக்க வேண்டிய பணி வீட்டு மேசைக்கு வந்தது ஏன்? அதனை உணர, முதலில் விழியின் இயல்பை அறிதல் வேண்டும்.

பொருளிலிருந்து வரும் ஒளி, கார்னியா எனப்படும் விழியின் முன்படலத்தில் முதலில் வளைகிறது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடைய அப்படலம், விழியின் ஒளிவிலக்குத் திறனில் மூன்றில் இரண்டு பங்கை அளிக்கிறது. எஞ்சியதை உள்ளிருக்கும் விழிவில்லை நிறைவு செய்ய, ஒளி விழித்திரையில் குவிகிறது. விழிக்கோளம் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் போதும். ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்து, கரும்பலகையின் எழுத்துகள் மங்கிவிடும். இதுவே கிட்டப்பார்வை. குழிவில்லை ஒளியைச் சற்றே விரித்து, குவியும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி இக்குறையைத் தீர்க்கிறது. விழிக்கோளம் குறுகியதால் தோன்றும் தூரப்பார்வையைக் குவிவில்லை சரிசெய்கிறது.

மூக்குக்கண்ணாடி விழிக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்பது. விழி திரும்பினாலும் அது திரும்பாது. தொடுவில்லையோ கண்ணீர்ப் படலத்தின்மீது மிதந்து, விழியோடு தானும் திரும்பும். காற்றிலிருந்து வரும் ஒளி முதலில் சந்திப்பது அதன் புறப்பரப்பையே. ஆகவே, விழியின் முகப்பு வளைவையே அது மாற்றியமைக்கிறது எனலாம்.

இந்த ஒளியியல் உண்மை முன்னரே அறியப்பட்டதுதான். 1888ஆம் ஆண்டிலேயே அடால்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கண்ணாடியாலான தொடுவில்லையைச் செய்து காட்டினார். அதனை முயலின் விழியில் சோதித்தபின், தம் விழியிலும் அணிந்து பார்த்தார். ஒளி சரியாகவே வளைந்தது. ஆனால், விழி அதனை ஏற்கவில்லை. சில மணி நேரத்தில் அகற்ற வேண்டியதாயிற்று.

காரணம், விழியும் மூச்சுவிட வேண்டும். பிற உறுப்புகளுக்கு உயிர்வளியைக் குருதி கொண்டு செல்கிறது. கார்னியாவிலோ குருதிக்குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தெளிவாக உட்புக இயலாது. எனவே, கண்ணீரில் கரைந்து வரும் காற்றின் உயிர்வளியைக் கொண்டே அப்படலம் பெரிதும் வாழ்கிறது. அதனைக் கண்ணாடியால் மூடினால் வீங்கும். வீங்கினால் பார்வை மங்கும். பார்வையைத் திருத்த வந்த பொருளே பார்வைக்குத் தடையாகிவிடும். பின்னாளில் வந்த கடின நெகிழி வில்லைகளும் உயிர்வளியை உட்புகவிடாதவையே.

1952ஆம் ஆண்டில் பிராகுக்குச் செல்லும் தொடர்வண்டியில், விழிக்குள் உலோகம் பொருத்துவது பற்றிய கட்டுரையைச் சகபயணி ஒருவர் படித்துக்கொண்டிருப்பதை விக்டெர்லே கண்டார். உயிருள்ள உறுப்போடு இணங்கி வாழ, உலோகத்தைவிட நீரை ஏற்கும் நெகிழியே தக்கது என்று அவருக்குத் தோன்றியது. அவரும் டிரகோஸ்லாவ் லிம் என்னும் அறிஞரும் அத்தகைய பொருளொன்றை உருவாக்கினர். காய்ந்த நிலையில் கெட்டியாக இருக்கும் அது, நீரில் இட்டால் நீரை உறிஞ்சிக் குழைந்து மென்மையாகும். அந்த நீரின் வழியே உயிர்வளி விழியைச் சென்றடையும்.

பொருள் கிடைத்தது, வடிவம் கிடைக்கவில்லை. மூடிய அச்சுகளில் வார்த்த வில்லைகள் ஓரம் கிழிந்தன. பயன் தராது எனக் கருதி, சுகாதார அமைச்சகம் அப்பணியை நிறுத்திவிட்டது. தடைகள் விக்டெர்லேக்குப் புதியவை அல்ல. நாசிகளின் ஆட்சிக் காலத்தில் சிறைப்பட்டவர் அவர். 1958இல் அரசியல் காரணங்களால் பேராசிரியர் பணியையும் இழந்தவர். ஆய்வு நின்றதும் அதனைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

தயிர் கடையும்போது பானையின் நடுவில் குழிந்து ஓரங்களில் ஏறுவதைக் கண்டிருப்போம். சுழலும் நீர்மத்தின் இயல்பு அது. அவ்வியல்பையே விக்டெர்லே கருவியாக்கினார். வில்லையின் புறவளைவை அச்சு தந்தது. உள்வளைவைச் சுழற்சி தந்தது. சுழலும் வேகத்தை மாற்றினால் வில்லையின் திறனும் மாறியது. ஓரங்களும் கிழியாமல் அமைந்தன. 1962ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் அவரும் மருத்துவரான அவர் மனைவி லிண்டாவும் வீட்டிலேயே 5500 வில்லைகளைச் செய்து முடித்தனர்.

அதன் காப்புரிமை அவரைக் கேளாமலே அமெரிக்க நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 1971இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தபின் அவ்வில்லை உலகெங்கும் பரவியது. ஈட்டிய பெரும்பொருள் பிறரைச் சேர்ந்தது. சீர்திருத்தம் கோரிய 1968ஆம் ஆண்டு அறிக்கையில் கையொப்பமிட்டதால், ஆய்வு நிறுவன இயக்குநர் பதவியையும் அவர் இழந்தார். ஆட்சி மாறியபின், 1990இல் நாட்டின் அறிவியல் கழகமே அவரைத் தலைவராக ஏற்றது.

நீரை ஏற்கும் வில்லை, கவனம் தவறினால் கிருமியையும் ஏற்கும். ஆதலால் கையைக் கழுவி உலர்த்திய பின்னரே அதனைத் தொட வேண்டும். அதற்குரிய கரைசலன்றிக் குழாய்நீரில் கழுவலாகாது. மூடிய இமைகளுக்குள் உயிர்வளி குறையுமாதலால், உறங்கும்முன் அகற்றிவிடுவதே நன்று. மருத்துவரின் அளவீடின்றி அணிதல் தீங்கு தரும். விழி ஒரு கண்ணாடிக் கருவியன்று, உயிருள்ள உறுப்பு என்று மதித்ததால் பிறந்தது அந்த வில்லை. அதே மதிப்பை அணிபவரும் தம் விழிக்கு அளித்தல் வேண்டும்.