உப்புக்காற்றும் ஒரு பழைய ஸ்பிரைட்டும்

திருகோணமலையைக் காண வருபவர்கள் கோணேசரைத் தரிசித்து, பிரட்றிக் கோட்டையில் உலாவும் மான்களைக் கண்டு களித்து, கன்னியா வெந்நீரூற்றில் நீராடித் திரும்பிவிடுவது வழக்கம். நாமும் இதுகாறும் அப்படித் திரும்பியவர்களே. இம்முறை உட்துறைமுக வீதிக்கு அண்மையில், தகரக் கூரையிட்ட ஒரு கராஜில் மூன்று நாட்களைக் கழித்தோம். காலஞ்சென்ற நம் நண்பரின் மகன் வைத்திருக்கும் காரே அதற்குக் காரணம்.

அது 'ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்' என்னும் சிறு விளையாட்டுக் கார். பொனற்றின் மேல் தவளைக் கண்களைப் போல இரு விளக்குகள் துருத்தி நிற்கும். இருவருக்கே இடம். கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். 948 சி.சி. எஞ்சின், 43 குதிரைவலு. இன்றைய சின்னஞ்சிறு ஜப்பானியக் கார்களே அதனிலும் வலுவுடையவை.

ஆங்கிலக் கடற்படை அதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற கார் இது என்பது அவ்வீட்டார் பெருமையோடு சொல்லிவந்த கதை. கதையைக் கெடுக்க நமக்கு மனமில்லை. எனினும் ஆங்கிலேயர் இக்கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957ஆம் ஆண்டில். ஸ்பிரைட் உலகுக்கு அறிமுகமானதோ 1958 மே மாதத்தில். மெல்லச் சொன்னோம். "அப்ப தோட்டத்துத் துரை ஒருத்தர் விட்டுட்டுப் போயிருப்பார்" என்று பையனின் தாயார் உடனே திருத்திக்கொண்டார். துரை இல்லாமல் கதை நிறைவுறாது போலும்!

பையனுக்கு ஓர் ஆசை. கட்டுக்குருந்தையில், போர்க்காலத்தில் கடற்படை அமைத்த விமானத் தளத்திலே மோட்டார் ஓட்டங்கள் நடந்துவந்தமை பலர் அறிந்ததே. அங்கே போட்டியின்றி, தத்தம் காரை அதன் எல்லைவரை ஓட்டிப்பார்க்கும் ஒரு நாளுக்கு அவனுடைய தோழர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். போர்க்கால ஓடுபாதைகள் பந்தயக் களங்களானது புதுமையன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டனும் சென்னையை அடுத்த சோழவரமும் அவ்வாறே பிறந்தன. நம் சீனக்குடாவிலும் நீண்ட ஓடுபாதை உண்டு. ஆனால் அது இன்றும் விமானப்படையின் கையில். பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவே.

அவன் சேர்த்திருந்த பணம் மூன்று இலட்சம் ரூபாய். கொழும்பில் ஒருவர் 1275 சி.சி. எஞ்சின் ஒன்றை ஏறக்குறைய அவ்விலைக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். 1966இல் ஸ்பிரைட்டிலேயே பொருத்தப்பட்டு வந்த எஞ்சின் அது. 65 குதிரைவலு தரும். பையன் முற்பணம் அனுப்ப ஆயத்தமாக இருந்தான். "மாமா, நீங்களே சொல்லுங்கோ, அரைவாசி வலு கூடுதலாகக் கிடைக்குது" என்றான்.

கராஜ்காரர் அறுபதைக் கடந்தவர்; ஊரார் 'பாஸ்' என்றே அழைப்பர். அவர் ஒன்றும் பேசாமல் காரின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, ஆசனத்தின் பின்னாலுள்ள தரையை ஒரு திருப்புளியால் குத்தினார். திருப்புளி மறுபுறம் வந்தது.

இந்தக் காருக்கென்று தனியே சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டம். பின்வில்லுகள் பாதி வில்லாக முன்னோக்கி நீண்டு, அந்தத் தரையோரத்துப் பெட்டிகளிலே செருகப்பட்டிருக்கும். பின்சில்லுகளின் பாரம் முழுவதையும் தாங்கும் இடம் அதுவே. முப்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று அங்கேதான் குடிபுகுந்திருந்தது.

"தம்பி, இதுக்கு மேல பெரிய எஞ்சினை வைச்சால் முதல் வளைவிலயே பின்சில்லு தனிய ஓடும்" என்றார் பாஸ். பிறகு பிறேக்கைக் காட்டினார். "ஓட முன்னம் நிக்கப் பழக வேணும்."

பையன் வெளியே போய் மதில்மேல் நெடுநேரம் அமர்ந்திருந்தான். நாம் அருகே செல்லவில்லை. தந்தை விட்டுச்சென்ற காரின் அடிப்பாகம் உக்கிப்போயிற்று என்று கேட்பது எளிதன்று.

மறுநாட் காலையில் வந்து, "வெல்டிங்கைத் தொடங்குங்கோ" என்றான்.

இனிமேல் நாம் கண்டவை யாவும் சிக்கனத்தின் கலை. ஸ்பிரைட்டின் எஞ்சின் மொறிஸ் மைனரின் இனம், ஸ்டியரிங் மைனருடையது, முன்பக்கச் சஸ்பென்ஷன் ஆஸ்டின் ஏ. 35 இனுடையது. மைனர் இலங்கையரின் வீட்டுப் பிள்ளை. அதன் உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்ததும் உண்டு. 2020 முதல் 2025 வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது பழைய கார்களை உயிரோடு வைத்திருந்த கைகள் இவையே. ஆகவே புஷ், பெயரிங் ஆகியவற்றை அதிக செலவின்றியே தேடிக்கொண்டார்கள்.

முன்சில்லுகளின் டிரம் பிறேக்குகளைக் கழற்றிவிட்டு, 1962இன் பிற்பகுதியில் வந்த ஸ்பிரைட்டின் டிஸ்க் பிறேக்குகளைப் பூட்டினார்கள். மீண்டும் மீண்டும் அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கும். டிஸ்க் காற்றில் ஆறும். பிறேக் எண்ணெய் முழுவதும் மாற்றப்பட்டது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த எண்ணெய் சூட்டில் கொதித்துக் குமிழியிடும்; மிதித்தால் கால் பஞ்சில் புதைவதுபோல் இறங்கும். துறைமுகத்து ஈரக்காற்றில் இதை மறப்பது ஆபத்து. பார்வைக்குப் புதிதாகத் தோன்றிய ரயர்களின் பக்கத்திலிருந்த நான்கு இலக்கங்களை பாஸ் வாசித்தார். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. பதினொரு வயது! அவையும் போயின. திறந்த கார் ஆதலால் தலைக்கு மேலே ஒரு வளைகுழாய். தோள்வாருடன் நல்ல பட்டி. எஞ்சினுக்குக் கிடைத்தது புது எண்ணெயும், வால்வு இடைவெளி சரிபார்ப்பும், ராடியேற்றர் கழுவலும் மாத்திரமே. கையில் எஞ்சியது ஒன்பதாயிரம் ரூபாய்.

மூன்றாம் நாள் மாலை நாமும் ஏறிக்கொண்டோம். உவர்மலையை வலம்வந்து கடற்கரை வீதியால் மெல்லச் சென்றபோது, கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புள்ளிமான் வீதிக்கு வந்து நின்றது. பையன் மிதித்தான். கார் ஒரு பக்கமும் இழுபடாமல் நேராக நின்றது. மான் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமின்றி அப்பால் சென்றது.

கட்டுக்குருந்தைக்கு அவன் காரை லொறியில் ஏற்றாமல், தானே ஓட்டிச் சென்றான். அன்று வந்திருந்த கார்களில் அவனுடையதே மெதுவானது என்று பின்னர் அறிந்தோம். மாலையில் தொலைபேசி மணி அடித்தது.

"மாமா, எல்லாரும் என்னை முந்திட்டாங்கள்" என்றான் சிரித்துக்கொண்டே. "அம்மாவிட்டச் சொல்லுங்கோ, நாளைக்கு விடிய வெளிக்கிடுறன். கார் ஓடித்தான் வருகுது."