சயாம் சடக்கில் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை



பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருஷம் எங்கேம்மா போறோம்?" என்பதுதான். தோட்டத்தில் வாழும் நம்மிடம் அதற்குப் பெரும்பாலும் இரண்டே பதில்கள் இருக்கும். ஒன்று பெரியம்மா வீடு, மற்றொன்று பினாங்கு. 2023ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் வீட்டுப் பதில் மாறியது. மாற்றியவர் என் அப்பா.

அப்பாவுக்கு அப்போது எண்பது வயது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டு தீபாவளி கழிந்த மறுநாள், சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தவர், என் கணவரைப் பார்த்து, "மாப்பிள்ளை, சயாமுக்குக் காடியிலேயே போகலாமாமே. என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்.

ஏன் கேட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். 1943ஆம் ஆண்டு, அப்பா நான்கு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது, காலையில் பெரட்டுக்குப் போன தாத்தாவை அங்கிருந்தே லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். தாத்தா திரும்பவே இல்லை. பாட்டி 1988 வரை உயிரோடு இருந்தார். கடைசிவரை பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. "அவரு செத்ததை யாரு பார்த்தா?" என்று கேட்பார். இறந்த நாள் தெரியாததால் எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரு வருடம்கூடத் திதி கொடுத்ததில்லை.

என் கணவர் ஆலையில் லோரி ஓட்டுபவர். "போகலாம் மாமா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான்தான் கணக்குப் போட்டேன். கட்டிவந்த கூட்டுப் பணம் டிசம்பரில் எங்கள் முறைக்கு வந்தது. அதுவே செலவுக்கு ஆயிற்று.

நீங்களும் போக நினைத்தால் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் கடப்பிதழ் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். தாய்லாந்தில் ஓட்டுவதற்கென்று தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும். எல்லைக்கு அருகில் உள்ள கடைகளிலேயே அதை எடுத்துக் கொடுத்து, காருக்கான பாரங்களையும் நிரப்பித் தருகிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து தாய்லாந்துக்குள் நுழைகிறவர்கள் வருகை அட்டையைக் கைப்பேசியிலோ கணினியிலோ முன்கூட்டியே நிரப்ப வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நேரம் மட்டும் நமக்கு ஒரு மணி பிந்தியது. நாங்கள் போனபோது ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய ஏழரை பாட் கிடைத்தது.

டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். கணவர், நான், பதின்மூன்று வயது மகன், பத்து வயது மகள், முன் இருக்கையில் அப்பா. அப்பாவின் மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் கொல்லையில் படர்ந்திருக்கும் கொடியிலிருந்து பறித்த வெற்றிலை, ஈரத்துணியில் சுற்றியிருந்தது. தாத்தா வெற்றிலை போடுவாரென்று பாட்டி சொன்ன ஒன்றுதான் தன் தகப்பனைப் பற்றி அவருக்குத் தெரிந்த விவரம்.

புக்கிட் காயு ஹீத்தாமைக் கடந்து, சடாவ் வழியாக ஹட்யாய் போய்ச் சேர்ந்து பசியாறினோம். வழக்கமாக நம்மவர்கள் அங்கேயே இரண்டு நாள் தங்கி, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எங்களுக்கு அது முதல் நிறுத்தம்தான். காஞ்சனபுரிக்கு எல்லையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்.

அந்த மாதத்தில் தென் தாய்லாந்தில் மழைக்காலம். ஒரு நாள் முழுக்க மழைக்குள்ளேயே ஓட்டினோம். ஆனால் பாதை நெடுக எங்களுக்குப் பழகிய காட்சிதான். இருபுறமும் ரப்பர் மரங்கள்! நம் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை ஏறிவிட்டது. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் உற்பத்தி செய்யும் நாடு இன்று தாய்லாந்துதான். ஓரிடத்தில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தோப்புக்குள் போய்விட்டார். ஒரு மரத்தின் வெட்டுப்பட்டையை விரலால் தடவிப் பார்த்து, "ஆழமா வெட்டுறான். மரம் காயப்படும்" என்று குறை சொன்னார். தோப்புக்காரர் சிரித்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. ஆனால் இருவரும் அரை மணி நேரம் கைச்சாடையில் பேசினார்கள்.

அன்றிரவு சூராட் தானியில் தங்கினோம். மறுநாள் சும்போன் வந்தது. ஜப்பான்காரர்கள் 1943ஆம் ஆண்டு இங்கிருந்து மேற்கே 90 கிலோமீட்டருக்கு இன்னொரு ரயில் பாதையும் போட்டார்கள். அதற்கும் மலாயாவிலிருந்துதான் ஆள் கொண்டுவந்தார்கள். சும்போனைத் தாண்டியதும் ரப்பர் குறைந்தது. தென்னை வந்தது, பிறகு அன்னாசித் தோட்டங்கள் வந்தன. இரவு ஹுவாஹின். மூன்றாம் நாள் பெட்சபுரிப் பக்கம் வயல்வெளி நெடுக பனைமரங்கள் நின்றன. பனையைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த என் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கடைகளில் பனைவெல்லம் விற்றது. வாங்கிச் சுவைத்துக்கொண்டே போனோம்.

டிசம்பர் 24 மதியம் காஞ்சனபுரி. பெயரைக் கேட்டதும் என் மகள், "அம்மா, நம்ம ஊர்ப் பேர் மாதிரியே இருக்கே!" என்றாள். காஞ்சனம் என்றால் பொன், புரி என்றால் ஊர் என்று விளக்கினேன். பின்னால் இருந்தபடி வகுப்பு எடுக்காதே என்று அப்பா சிரித்தார். ஊருக்குள் நுழைந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ரயில் பாதையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர்கள் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. நீளம் 415 கிலோமீட்டர். மலையும் காடுமான இடத்தில் பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே வெட்டினார்கள். வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகம் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் பெரும்பகுதி நம் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது, இலவசப் படம் காட்டுகிறோம் என்று அழைத்துக் கதவை அடைத்துப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. காலராவும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. கைதிகளோடு அவர்கள் பட்டாளத்து மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. இறந்த ஆசியர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

மாலையில் பாலத்துக்குப் போனோம். 1957இல் வந்த ஆங்கிலப் படத்தால் உலகப் புகழ் பெற்ற குவாய் பாலம் அதுதான். படத்தை எடுத்தது இலங்கையில் என்பது வேறு கதை. வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. குண்டு விழுந்து உடைந்த நடுப்பகுதியில் சட்டங்கள் நேராக இருக்கின்றன. அவை போருக்குப் பின் மாற்றியவை. தாய்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை இல்லை. ஆனாலும் பாலத்தருகே உணவுக்கடைகளில் விளக்கு மரமும் பாட்டுமாக இருந்தது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பாலத்தின் மேல் ஏறவில்லை. "காலையிலே பார்க்கலாம்" என்றார்.

கிறிஸ்துமஸ் தினம். காலையில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். புல்லைச் சீராக வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. சில கல்லறைகளில் அன்று காலையில் யாரோ வைத்த மலர்கள் இருந்தன. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் மகன் வரிசையாகப் படித்துச் சொல்லிக்கொண்டே போனான். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது.

அப்பா நின்றுவிட்டார். "செத்த தேதிகூட எழுதியிருக்கா?" என்றார்.

"ஆமாம் தாத்தா. இவருக்கு ஜூன் மாசம். வயசு இருபத்து மூணு."

"நம்ம ஆளுங்க எங்கே?"

என் மகன் என்னைப் பார்த்தான். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை பார்ப்பவள் நான். அந்தக் கேள்விக்கு உடனே வாய் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னேன். கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் ஒளித்து மறைத்து எழுதி வைத்தார்கள். 1945இல் போர் முடிந்ததும் அவர்கள் அரசாங்கம் ஆள் அனுப்பித் தேடி எடுத்து இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தது. நம்மவர் பெயரை அப்படி எழுதி வைக்க யாருமில்லை. பாதை ஓரத்துக் குழிகளில் போனவர்கள் போனவர்களே.

அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்த இருபத்து மூன்று வயதுப் பையனின் கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டார்.

வாசகர்களே, நம்மவர்களுக்கும் இன்று ஓர் அடையாளம் அந்த ஊரில் இருக்கிறது. தாவோன் வராராம் என்னும் புத்தர் கோயில் வளாகத்தில் 2023ஆம் ஆண்டு, இறந்த தமிழர்களின் நினைவாக ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பெயர் இல்லை. எல்லாருக்கும் பொதுவான கல். எண்பது ஆண்டு கழித்தாவது வந்ததே என்று நினைத்தேன்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பிஸ்கட் டின்னைத் திறந்தார். மூன்று நாள் பயணத்தில் ஓரம் கருத்திருந்த வெற்றிலைகளைத் தள்ளி, நல்லதாக ஐந்து எடுத்து வைத்தார். பாக்கு வைத்தார். கற்பூரம் ஏற்றினார். பிள்ளைகளை விழுந்து கும்பிடச் சொன்னார். கடைசியாகக் கல்லின் மேல் கையை வைத்து, அவர் அழைத்தே பழகாத சொல்லை அழைத்தார்: "அப்பா."

நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

"டிசம்பர் இருபத்தஞ்சுப்பா."

"இனிமே இதுதான் அவருக்குத் திதி. அன்னைக்கு எல்லாருக்கும் லீவு. பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வந்துடலாம்."

மறுநாள் அந்தப் பாதையில் ரயிலேறினோம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் வரைதான் இப்போது ரயில் ஓடுகிறது; அதற்கப்பால் பாதையைப் பெயர்த்துவிட்டார்கள். தாம் கிராசே என்னுமிடத்தில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கீழே ஆறு. நடுவில் மரத்தூண்களின் மேல் ரயில் ஊர்ந்து போகிறது. கைப்பேசியோடு எல்லாரும் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். அப்பா காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி நிலையத்தில் இறங்கி, தண்டவாளம் முடியும் திசையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

திரும்பும் வழியில் ஹட்யாயில் எல்லாரையும் போல நாங்களும் முந்திரிக்கொட்டையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் வாங்கினோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே! ஆயிரம் கிலோமீட்டர் போக எல்லாராலும் முடியாது. ஆனால் ஒன்று முடியும். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், எப்போது போனார்கள் என்று கேட்டுப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள். அந்த வெண்கலத் தகடுகளில் பெயர் இருப்பதற்குக் காரணம், யாரோ ஒருவர் அன்றைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்ததுதான்.

எங்கள் வீட்டு நோட்டில் முதல் பக்கத்தை என் மகன் எழுதினான். தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர், பெரட்டுக்குப் போன ஆண்டு. இறந்த நாள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். அப்பா சொன்னபடியே எழுதச் சொன்னேன். 2024 டிசம்பர் 25 அன்று எங்கள் வீட்டில் முதல் முறையாகத் தாத்தாவுக்குப் படையல் போட்டோம். வெற்றிலை அதே கொடியிலிருந்து பறித்ததுதான்.