பல்கார் நோக்கி ஒரு காற்றுக் கட்டுமரம்

வோல்கா என்னும் பெயரைப் பள்ளிப் பருவத்துப் பூகோளப் புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவின் மிக நீண்ட நதி அது; 3,500 கிலோமீட்டர் ஓடிக் காஸ்பியன் கடலில் கலக்கிறது. அதன் இடக்கரையில் உள்ள கசான் நகரம், ருஷ்யாவின் தத்தார்ஸ்தான் குடியரசுக்குத் தலைநகர். அங்குள்ள பழைய கோட்டைக்குள் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குல் ஷரீஃப் பள்ளிவாசலைக் கண்டு தொழுத பயணிகள் பலர், அடுத்து நாடிச் செல்வது தெற்கே நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பல்கார் என்னும் தொன்னகரை. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது.

பல்காருக்குச் சாலை உண்டு. கோடையில் பயணிகள் கப்பலும் உண்டு. ஆயினும் இவ்விரண்டையும் விட்டு, தோளில் சுமந்து வந்த இரண்டு மூட்டைகளைக் கரையில் அவிழ்த்து, அங்கேயே ஒரு பாய்மரப் படகைப் பூட்டி நீரில் இறங்குவோரும் உண்டு. காற்றடைத்த இரு நீண்ட மிதவைகள், அவற்றை இணைக்கும் அலுமினியக் குழாய்ச் சட்டம், நடுவே இழுத்துக் கட்டிய கித்தான், ஒரு பாய்மரம், ஒரு சுக்கான் ஆகியவைதாம் அப்படகு. சுமார் நான்கு மீட்டர் நீளம். 40, 50 கிலோ எடை. சோவியத் காலத்திலேயே ஆர்வலர்கள் இதைத் தம் கைகளாலேயே தைத்தும் ஒட்டியும் செய்துகொண்டு, இரயிலேறி ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் சென்றனர். ருஷ்யர்கள் இதனைக் 'கதமரான்' என்கின்றனர். அது நம் 'கட்டுமரம்' கடல் கடந்து போய் உருத்திரிந்த சொல்லே. நம் கரையில் மரங்களைக் கட்டினார்கள். அங்கே காற்றைக் கட்டுகிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்

மடித்துச் சுமந்துபோகும் படகு இத்தடத்திற்குப் புதிதன்று. பாக்தாதின் கலீஃபா முக்ததிர், வோல்காக் கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். 921இல் புறப்பட்ட அக்குழு, ஹிஜ்ரி 310 முஹர்ரம் மாதத்தில், அதாவது 922 மே மாதத்தில், அவரது பாசறையை அடைந்தது. அதில் சென்ற அஹ்மத் இப்னு ஃபள்லான் தம் பயணத்தைப் பதிவு செய்துள்ளார். வழியில் குறுக்கிட்ட ஆறுகளை அவர்கள் ஒட்டகத் தோலாலான மடிப்புப் படகுகளில் கடந்தனர். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் அமர்ந்து, மரக்கொம்புகளைத் துடுப்பாகக் கொண்டு தள்ளினர். குதிரைகளும் ஒட்டகங்களும் நீந்தின. இன்று யூரல் எனப்படும் பெரிய ஆற்றில் அப்படகுகளுள் ஒன்று கவிழ்ந்து, அதிலிருந்தோர் மூழ்கியதைத் தம் கண்ணால் கண்டதாக அவர் எழுதுகிறார். எளிய படகு எளிதாகப் பறிக்கவும் செய்யும் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ?

நதியன்று, கடல்

இப்னு ஃபள்லான் கண்ட வோல்கா இன்று இல்லை. தெற்கே ஜிகுலி மலையருகே எழுந்த அணையால் 1955 முதல் 1957 வரை நீர் தேங்கி, குய்பிஷேவ் நீர்த்தேக்கம் உருவாயிற்று. பரப்பு சுமார் 6,450 சதுர கிலோமீட்டர். ஐரோப்பாவில் பரப்பால் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே. எத்தனையோ கிராமங்கள் இதனுள் மறைந்தன. காமா நதி வந்து கலக்குமிடத்தில் எதிர்க்கரை தொடுவானில் ஒரு கோடாய்த் தேய்ந்துவிடும். ஆழம் பெரும்பகுதியில் குறைவு. ஆகவே காற்று எழுந்தால் நெருக்கமான, செங்குத்தான அலைகள் விரைவில் எழும்பும். பனிக்கட்டி உருகி ஓரிரு மாதமே ஆன கோடைத் தொடக்கத்தில், வெயில் இதமாயிருந்தாலும் நீர் உயிரைக் குடிக்கும் குளிர். கரையில் நிற்கும்போது வெயிலை நோக்கி உடுத்தாதீர்கள். விழ நேரும் நீரை நோக்கி உடுத்துங்கள்.

கரையில் செய்யவேண்டியவை

இப்படகின் பாதுகாப்பில் பாதி, அது நீரைத் தொடுமுன்பே முடிவாகிவிடுகிறது. கூரிய கல்லும் கண்ணாடித் துண்டும் இல்லாத இடத்தைத் தேர்ந்து விரிப்பை விரியுங்கள். முதலில் மிதவைகளில் வடிவம் வருமளவே காற்றடைத்து, சட்டத்தைப் பொருத்தி, இணைப்புகளை இறுக்கியபின் முழு அழுத்தத்திற்குக் கொண்டுவாருங்கள். எவ்வளவு அழுத்தம் என்பதைச் செய்தவர்கள் குறித்திருப்பார்கள். கைவிரலால் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல் அளவுமானியால் பாருங்கள். கரையில் இறுகியிருந்த மிதவை குளிர்ந்த நீரில் இறங்கியதும் தளரும். ஆகவே சிறிது நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். மாறாக, நண்பகல் வெயிலில் கரையேற்றி வைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தையலைப் பிளக்கக்கூடும். அப்போது சிறிது காற்றை விட்டுவிடுங்கள்.

பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் அண்ணாந்து பாருங்கள். அது அலுமினியம், மேலே மின்கம்பி இருந்தால் மரணம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்களின் ஒவ்வொரு ஊசிக்கும் அதன் பூட்டுவளையம் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்தபின் மற்றொருவரும் பாருங்கள். ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. கட்டுமரத்திற்கும் அதுவே பொருந்தும்.

நீரில்

மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்து, வார்களைப் பூட்டிவிடுங்கள். நீந்தத் தெரிந்தவருக்கும் விலக்கில்லை; திடீர்க் குளிரில் மூச்சுத் திணறும்போது நீச்சல் கைகொடுக்காது. கைப்பேசியை நீர்புகாத பையில் இட்டு உடலோடு கட்டுங்கள். எங்கே செல்கிறீர்கள், எப்போது கரைசேர்வீர்கள் என்பதைக் கரையிலிருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். கரையை ஒட்டியே செல்லுங்கள். சரக்குக் கப்பல்களின் தடத்தைக் கடக்க நேர்ந்தால் குறுக்காக, விரைவாகக் கடந்துவிடுங்கள். அவை உங்களுக்காக நிற்கவோ திரும்பவோ இயலாது.

நீர்ப்பரப்பெங்கும் வெண்ணுரை முகடுகள் தோன்றினால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். புதியவர் கரையேற வேண்டிய நேரம் அது. பாயைச் சுருக்க வேண்டுமோ என்ற ஐயம் எழும்போதே சுருக்கிவிடுங்கள். திடீரெனப் பெருங்காற்று தாக்கினால் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை விட்டுவிடுங்கள். அக்கயிற்றை ஒருபோதும் நிலையாக முடிச்சிட்டு வைக்காதீர்கள். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாதீர்கள். முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, மேலெழுந்த மிதவைமீது கயிற்றை வீசி, கீழுள்ள மிதவையில் நின்று உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் படகு நிமிரும். இதைக் கரையருகே அமைதியான நாளில் பழகிக்கொள்ளுங்கள்.

இப்பகுதியின் கோடை இரவு மிகக் குறுகியது. இஷாவுக்கும் சுபுஹுக்கும் இடையே உறங்க நேரமில்லாதிருந்ததை இப்னு ஃபள்லானும் வியந்து குறித்துள்ளார். வெளிச்சம் இருக்கிறதே என்று மேலும் மேலும் செல்லத் தோன்றும். வெளிச்சம் நீளலாம், உடலின் வலிமை நீளாது.

பெரிய கப்பலில் இருந்தால் இவ்வச்சம் இல்லை என்று எண்ணாதீர்கள். 2011 ஜூலை 10ஆம் நாள், பல்காரிலிருந்து கசானுக்குத் திரும்பிய 'பல்கேரியா' என்னும் பயணிகள் கப்பல் இதே நீர்த்தேக்கத்தில் சில நிமிடங்களில் மூழ்கியது. அதிலிருந்த 201 பேரில் 122 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். 1955இல் கட்டப்பட்ட அக்கப்பலில் ஓர் இயந்திரம் வேலை செய்யவில்லை. புறப்படும்போதே அது ஒருபுறம் சாய்ந்திருந்தது. பக்கச் சாளரங்கள் திறந்து கிடந்தன. காற்றின்மீது மட்டும் பழிபோட முடியாது. கரையிலேயே கண்ணுக்குத் தெரிந்த குறைகளோடு அது பயணம் புறப்பட்டது.

திரும்பியபின்

படகை நன்னீரில் கழுவுங்கள். சட்டத்திற்கும் மிதவைக்கும் இடையே சிக்கிய மணல், அரம்போல் உறையைத் தேய்த்துவிடும். நிழலில் முழுதும் உலர்த்தியபின் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுக் கசிவைச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஒட்டுப் போடுமிடத்தைச் சுத்தம் செய்து, சொரசொரப்பாக்கி, உரிய பசையால் ஒட்டி, ஒருநாள் முழுதும் அழுத்தி வையுங்கள். நம் சோழமண்டலக் கரை மீனவர்களும் கரைசேர்ந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர்த்துவது வழக்கம். அவிழ்க்கும்போதுதான் எந்தக் கயிறு நைந்தது, எந்த மரம் உளுத்தது என்பது தெரியும்.

பல்காரில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரும் பள்ளிவாசலின் சுவர்கள் உயர்ந்த கரைமீது நிற்கின்றன. நூற்றாண்டுகளாய் நிற்கும் அவை ஒருநாள் தாமதித்து வருபவருக்காகவும் அங்கேயே நிற்கும். ஆகவே காற்று உகந்ததாயில்லை என்றால், 'இன்று வேண்டாம்' என்று சொல்லத் தயங்காதீர்கள். உங்களோடு வருவோர் முகம் சுளிக்கலாம். வீட்டில் காத்திருப்போர் மனம் குளிரும்.